மாடி அறைப் பெண்ணின் இரண்டு நாவல்கள்: கடன் வாங்கிய நாவலை மூலத்தோடு சேர்த்துப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

ஒரு நாவலாசிரியர் இன்னொருவரின் நாவலிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு புதிதாக எழுதியிருக்கிறார் என்று தெரிந்ததும் நாம் கேட்பது, "இது காப்பியா, சொந்தச் சரக்கா?" என்பதைத்தான். பல வருடம் நானும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அது எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காத கேள்வி. முதல் நாவலில் உள்ள எந்தெந்த விவரத்துக்கு இரண்டாமவர் அப்படியே கட்டுப்பட்டார், எந்த ஒன்றில் மட்டும் கை வைத்தார் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு புத்தகங்களும் ஒன்றை ஒன்று திறந்துவிடும். பெரிய எழுத்தாளர்கள் வாங்கிய கடனை மறைப்பதில்லை. வட்டி முதல் பைசா வரை கணக்கு வைத்திருப்பார்கள். அந்தக் கணக்கு நோட்டை வாசகர் எப்படித் திரும்பத் தயாரிப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளும் ஜோடி: சார்லட் பிராண்டே 1847இல் வெளியிட்ட 'ஜேன் அயர்', ஜீன் ரீஸ் 1966இல் வெளியிட்ட 'வைட் சர்காசோ சீ'. இடையே 119 ஆண்டுகள். முதல் நாவலில் தார்ன்ஃபீல்ட் மாளிகையின் மூன்றாம் மாடியில் அடைத்து வைக்கப்பட்டிருக்கும் பைத்தியக்காரி பெர்த்தா, வீட்டுக்காரர் ரோசெஸ்டர் மறைத்து வைத்த மனைவி, இரண்டாவது நாவலின் நாயகி.

முதல் படி: மூலத்தை முதலில் கதையாகப் படியுங்கள்

பள்ளியில் எங்களுக்கு ஆங்கில நான்-டீடெயிலாக 'ஜேன் அயர்' சுருக்கப் பதிப்பு இருந்தது. அதில் பெர்த்தாவுக்குக் கிடைத்தது சில வரிகள்: பைத்தியம், நெருப்பு, சாவு. பரீட்சைக்கு அது போதும். இந்த வேலைக்குப் போதாது. முழு நாவல், 38 அத்தியாயங்கள், காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாசிப்பில் பேனா வேண்டாம். அநாதைச் சிறுமி ஜேன், சிவப்பு அறைத் தண்டனை, லோவுட் பள்ளி, ரோசெஸ்டரின் வீட்டில் ஆசிரியை வேலை, காதல், தடைபட்ட கல்யாணம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டே போங்கள். ஜேனை நேசிக்காமல் இரண்டாவது நாவலுக்குப் போனால் ரீஸ் எதை எதிர்த்து எழுதுகிறார் என்பதே பிடிபடாது. பிராண்டேயின் பலம், நம்மை முழுக்க ஜேனின் 'நான்'-க்குள் உட்கார வைத்துவிடுவது. அங்கே உட்கார்ந்து பார்க்கும்வரை மாடியில் இருப்பவள் வெறும் இடைஞ்சல்தான்.

இரண்டாம் படி: கடன் பட்டியல் எழுதுங்கள்

இப்போது நோட்டும் பேனாவும். பெர்த்தா வரும் இடங்களுக்கு மட்டும் திரும்பப் போங்கள்: 11, 15, 20, 25, 26, 27, 36ஆம் அத்தியாயங்கள். ஒவ்வொரு விவரத்தையும் ஒரு வரியாக எழுதி, பக்கத்திலேயே 'யார் சொன்னது' என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவது குறிப்புதான் முக்கியம்.

என் பட்டியலிலிருந்து சில: சிரிப்புச் சத்தம், ஜேன் கேட்டது. ரோசெஸ்டரின் படுக்கையில் தீ, ஜேன் அணைத்தது. சகோதரன் ரிச்சர்ட் மேசனுக்குக் கடியும் கத்திக்குத்தும், ஜேன் காயத்தைத் துடைத்தது. கல்யாண முக்காடு கிழிந்தது, ஜேன் நள்ளிரவில் பார்த்தது. ஜமைக்காவின் ஸ்பானிஷ் டவுனில் நடந்த கல்யாணம், ஜேனின் கல்யாணத்தைத் தடுக்கத் தேவாலயத்தில் வக்கீல் வாசித்த காகிதம். 30,000 பவுண்டு சீர், பைத்தியக்காரத் தாய், பேச்சு வராத தம்பி, எல்லாம் ரோசெஸ்டர் சொன்னது. கடைசித் தீயும் கூரையிலிருந்து குதித்ததும், சத்திரக்காரர் சொன்னது.

பட்டியல் முடிந்ததும் ஒன்று கண்ணில் படும். இத்தனை பேர் சாட்சி சொல்கிறார்கள், பெர்த்தா தன் வாயால் எதுவும் சொல்லவில்லை. 20ஆம் அத்தியாயத்தில் ஒரே ஒரு இடம் உண்டு. "என் நெஞ்சு ரத்தத்தை உறிஞ்சிவிடுவேன் என்றாள்" என்று ரத்தம் ஒழுக ரிச்சர்ட் முனகுகிறான். அப்படியென்றால் அவளுக்குப் பேச வருகிறது. பேசியிருக்கிறாள். நாவல் அதை நமக்கு நேராகக் கேட்கவிடவில்லை, அவ்வளவுதான்.

26ஆம் அத்தியாயத்தில் ஜேன் அவளை அந்த ஜன்னலில்லாத அறையிலேயே முதல்முறை பார்க்கும் பத்தியைச் சத்தமாகப் படியுங்கள். மிருகமா மனிதப் பிறவியா என்று தெரியவில்லை என்கிறாள் ஜேன். நாலு காலில் தவழ்ந்தது, உறுமியது, ஆனால் அதன்மேல் துணி இருந்தது என்று போகிறது வர்ணனை. ஆங்கிலத்தில் படிக்கும்போது அந்தப் பிரதிப்பெயர் வேகத்தில் நழுவிவிடலாம். தமிழில் சொல்லிப் பார்த்தால் நழுவாது. அவள் 'அது' ஆகிவிட்டாள். உயர்திணையிலிருந்து அஃறிணைக்கு ஒரே வாக்கியத்தில் இறக்கப்பட்டிருக்கிறாள். தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் இருக்கும் காது வேறு பலருக்கு இல்லை. பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கடன் வாங்கியவர் எங்கே நின்று படித்தார்?

வாழ்க்கை வரலாற்றில் மூழ்க வேண்டாம். எழுதியவர் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து முதல் நாவலைப் படித்தார் என்று தெரிந்தால் போதும். ஜீன் ரீஸ் 1890இல் கரீபியத் தீவான டொமினிகாவில், ரோசோ ஊரில் பிறந்தவர். அப்பா வேல்ஸ்காரர், மருத்துவர். அம்மா அந்தத் தீவிலேயே பல தலைமுறை வாழ்ந்த, ஐரோப்பிய வம்சாவளி வெள்ளைக் கிரியோல் குடும்பம். 16 வயதில் இங்கிலாந்துக்கு வந்தார். அங்கிருந்தவர்களுக்கு அவர் வெள்ளைக்காரிதான், ஆனால் தங்களில் ஒருத்தி அல்ல. அப்படிப்பட்டவர் 'ஜேன் அயர்' படிக்கும்போது கண் எங்கே போய் நிற்கும்? மேற்கிந்தியத் தீவிலிருந்து கொண்டுவரப்பட்டு, குளிரில், பூட்டிய அறையில் கிடப்பவள்மேல்தான்.

1939க்குப் பிறகு ரீஸின் நாவல் எதுவும் வரவில்லை. இலக்கிய உலகம் அவரை ஏறக்குறைய மறந்தே போனது. 1949இல் ஒரு நடிகை பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துத்தான் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. 'வைட் சர்காசோ சீ' வந்தபோது அவருக்கு வயது 76. பல வருடம் அவர் மாட்டிக்கொண்டு நின்றது கணவன் பாத்திரத்தில். 1964இல் அந்தக் கணவனின் குரலில் ஒரு கவிதை எழுதிப் பார்த்த பிறகுதான் அவன் அவருக்குத் திறந்துகொண்டான். வெறும் வில்லனாக அவனை எழுத அவருக்கு மனம் வரவில்லை. நாவலின் நடுப் பகுதி பெரும்பாலும் அவன் குரலில் இருப்பதை நீங்கள் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

நான்காம் படி: இரண்டாவது நாவலை ஒப்பிடாமல் படியுங்கள்

நோட்டை மூடி வைத்துவிடுங்கள். சிறிய நாவல், மூன்று பகுதிகள், இரண்டு மூன்று மாலைகளில் முடிந்துவிடும். ஜமைக்காவில் கூலிப்ரி எஸ்டேட்டில் அன்டோனெட் என்ற சிறுமியின் (ரீஸின் பெர்த்தா இவள்தான்) குழந்தைப் பருவம். பிறகு இன்னொரு தீவில், கிரான்புவா வீட்டில், பெயர் சொல்லப்படாத இங்கிலாந்துக் கணவனோடு தேனிலவு. கடைசியில் ஒரு மாடி அறை. தனியாக நிற்கிறதா என்று பாருங்கள். மூலம் தெரியாத வாசகருக்கும் அது ஒரு பெண்ணின் முழுக் கதையாக நின்றால்தான் அது நாவல். இல்லையென்றால் வேறொருவர் புத்தகத்துக்கு எழுதிய அடிக்குறிப்பு. என் வாசிப்பில் இது நிற்கிறது. முதல் பகுதியில் எரியும் வீட்டின் முன்னால், சிறகு வெட்டப்பட்ட கிளி கோகோ நெருப்புப் பிடித்த இறகுகளோடு கீழே விழும் காட்சிக்கு 'ஜேன் அயர்' எதுவும் தேவையில்லை.

ஐந்தாம் படி: பட்டியலோடு சரிபாருங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கு எதிரேயும் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: 'கட்டுப்பட்டார்', 'மாற்றினார்', 'காரணம் கொடுத்தார்'.

கத்தியை எடுத்துக்கொள்வோம். பிராண்டேயில் பெர்த்தா கையில் ஒரு கத்தி இருக்கிறது. பூட்டிய அறையில் இருப்பவளுக்கு அது எப்படிக் கிடைத்தது? ரீஸ் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, உள்ளே கையை விட்டு, ஒரு மதியத்தையே வெளியே எடுத்திருக்கிறார். காவல்காரி கிரேஸ் பூல் அவளை வெளியே கூட்டிப்போகிறாள். ஒரு பெண்ணிடம் கழுத்து லாக்கெட்டைக் கொடுத்துக் கத்தியை வாங்கிக்கொள்கிறாள் அன்டோனெட். அந்த மரங்களும் புல்லும் இருந்த இடம்தான் இங்கிலாந்து, தான் அடைபட்டிருக்கும் அட்டை வீடு இங்கிலாந்தே இல்லை என்று நம்புகிறாள். மூலத்தில் ஆயுதமாக மட்டும் இருந்த பொருளுக்கு ஒரு வெயில் மதியமும் ஒரு நகையும் விலையாகச் சேர்ந்துவிட்டன.

அடுத்து கடித்த சம்பவம். ரீஸ் அதை இல்லை என்று சொல்லவில்லை. அன்டோனெட் ரிச்சர்டைத் தாக்கியது உண்மைதான். ஆனால் அவளுக்கே நினைவில்லை, கிரேஸ் பூல்தான் சொல்கிறாள். உனக்கும் உன் கணவனுக்கும் நடுவில் சட்டப்படி நான் தலையிட முடியாது என்று ரிச்சர்ட் சொன்னானாம். 'சட்டப்படி' என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் அவன்மேல் பாய்ந்தாளாம். இதைப் படித்தபோது புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இங்கிலாந்துச் சட்டப்படி அன்று மனைவியின் சொத்து கணவனுடையது. அது மாற 1882 வரை ஆனது. கணவன் தன் அப்பாவுக்கு மனதுக்குள் எழுதும் கடிதத்தில், 30,000 பவுண்டும் கேள்வியோ நிபந்தனையோ இல்லாமல் தன் கைக்கு வந்தது என்றும், அவளுக்கென்று எந்த ஏற்பாடும் செய்யப்படவில்லை என்றும் குறிக்கிறான். பிராண்டேயில் புலியைப் போலக் கடித்தவள், ரீஸில் ஒரே ஒரு சொல்லைக் கடித்திருக்கிறாள். சம்பவம் அதேதான், ஒரு மயிரிழை மாறவில்லை. அர்த்தம்தான் தலைகீழ்.

தம்பி இன்னொரு நல்ல உதாரணம். ரோசெஸ்டர் ஒரே வாக்கியத்தில் இழிவாகச் சொல்லிவிட்டுப் போகும் அந்த ஊமைத் தம்பி, ரீஸில் பியேர் என்ற நோயாளிச் சிறுவன். கூலிப்ரி வீடு எரிந்த இரவில் சிக்கிச் சாகிறான். அந்தச் சாவுதான் தாயின் மனதை உடைக்கிறது. பிராண்டேயில் பரம்பரை நோயாக இருந்தது, ரீஸில் நடந்து முடிந்த கொடுமைகளின் விளைவாகிறது.

ஆறாம் படி: காலண்டரைத் தேடுங்கள்

கடன் வாங்கும் நாவல்களில் பலரும் பார்க்கத் தவறும் இடம் வருடக் கணக்கு. கூட்டிக் கழித்துப் பார்ப்போம். 'ஜேன் அயர்' 1847இல் வந்தது. கடைசி அத்தியாயத்தில் தனக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் என்கிறாள் ஜேன். ரோசெஸ்டருக்கும் பெர்த்தாவுக்கும் நடந்த கல்யாணம் அதற்கும் 15 வருடத்துக்கு மேல் முந்தையது. அப்படியென்றால் அது 1822க்குப் பிந்தையதாக இருக்க முடியாது. ஜமைக்காவில் அடிமை முறை சட்டப்படி நடந்துகொண்டிருந்த காலம் அது.

ரீஸ் தன் நாவலை எங்கே தொடங்குகிறார்? அடிமை ஒழிப்புச் சட்டம் 1833இல் நிறைவேறி, 1834 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு. பாழடைந்த தோட்டம். இங்கிலாந்து தருவதாகச் சொன்ன நஷ்டஈட்டுக்காகக் காத்திருந்து சலித்த பக்கத்துத் தோட்டக்காரர் ஒருநாள் கடலுக்குள் நீந்திப்போய் மறைந்துவிடுகிறார். இந்த நஷ்டஈடு அடிமையாக இருந்தவர்களுக்கு அல்ல, அவர்களைச் சொத்தாக வைத்திருந்தவர்களுக்கு. பிரிட்டிஷ் அரசு அதற்காக ஒதுக்கியது இரண்டு கோடி பவுண்டு.

இத்தனை விவரத்துக்கும் கட்டுப்பட்டவர் காலத்தை மட்டும் ஏன் நகர்த்தினார்? அடிமைக் காலத்தில் வைத்திருந்தால் அன்டோனெட் வெறும் எஜமானி வீட்டுப் பெண். ஒழிப்புக்குப் பிறகு வைத்ததால் அவள் இரண்டு பக்கமும் ஒட்டாதவள். கறுப்பின மக்களின் நியாயமான கோபம் ஒருபுறம், பணமுள்ள இங்கிலாந்துக்காரர்களின் ஏளனம் மறுபுறம். வீடு எரியும் இரவில் அவள் தன் ஒரே தோழி டியாவை நோக்கி ஓடுகிறாள். டியா கல்லை எறிகிறாள். ஒரு முகத்தில் ரத்தம், இன்னொரு முகத்தில் கண்ணீர், கண்ணாடியில் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது என்கிறாள் அன்டோனெட். வருடத்தை நகர்த்தாமல் இந்தக் கல் பறந்திருக்காது.

ஏழாம் படி: பெயர்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், நோட்டில் பாதி வேலை முடிந்திருக்கும். தேவாலயத்தில் வக்கீல் வாசிக்கும் காகிதத்தில் மணப்பெண்ணின் முழுப்பெயர் பெர்த்தா அன்டோனெட்டா மேசன். தாயின் பெயரும் அன்டோனெட்டா. ரீஸ் அந்த நடுப்பெயரைப் பிடித்து அன்டோனெட் ஆக்கினார். பெர்த்தா என்பது கணவன் சூட்டும் பெயர். அது என் பெயர் இல்லை, என்னை வேறு யாராகவோ ஆக்கப் பார்க்கிறீர்கள் என்கிறாள் அவள். அதோடு, மேசன் அவளைப் பெற்ற அப்பாவும் அல்ல, மாற்றாந் தகப்பன். வக்கீலின் காகிதமே பொய் என்றாகிவிடுகிறது. பெயர் சூட்டும் கணவனுக்கோ நாவலில் பெயரே கிடையாது.

எட்டாம் படி: எங்கே நிறுத்துகிறார்?

முன்கதை எழுதுபவருக்கு முடிவு கையில் இல்லை. பெர்த்தா குதித்தே ஆக வேண்டும், 1847இலேயே குதித்தாகிவிட்டது. இந்தக் கட்டுக்குள் ரீஸ் செய்ததை இரண்டு பக்கத்தையும் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் பாருங்கள்.

பிராண்டேயின் சத்திரக்காரர் கீழே நின்று பார்க்கிறார். பெரிய உருவம், நெருப்பின் எதிரே பறக்கும் நீண்ட கருங்கூந்தல், ரோசெஸ்டர் கூரைக்கு ஏறி "பெர்த்தா!" என்று கூப்பிடும் குரல், ஒரு அலறல், பாய்ச்சல், கீழே கல்தளம். ரீஸ் அதே கூரைக்கு மேலே ஏறிவிடுகிறார், ஆனால் கனவில். காற்றில் கூந்தல் சிறகுபோல் விரிகிறது. அந்தக் கடினமான கற்களை நோக்கிக் குதித்தால் இது தாங்குமோ என்று நினைக்கிறாள். எரிந்து விழுந்த கிளியின் வெட்டிய சிறகு இங்கே வந்து சேர்கிறது. "பெர்த்தா! பெர்த்தா!" என்று அதே ஆண் குரல். கீழே கூலிப்ரியின் குளம், பக்கத்தில் நின்று கூப்பிடும் டியா. "டியா!" என்று கத்திக்கொண்டே குதித்து, விழித்துக்கொள்கிறாள்.

கூந்தல், குரல், கல் மூன்றும் பிராண்டேயுடையவை. கீழிருந்து பார்த்தவருக்குப் பைத்தியத்தின் பாய்ச்சலாகத் தெரிந்தது, மேலே நிற்பவளுக்குத் தன் தோழியிடம் போவது. பிறகு அவள் சாவியை எடுத்து, மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டு இருண்ட நடையில் போகிறாள், நாவல் அங்கேயே நிற்கிறது. தீயையோ சாவையோ ரீஸ் எழுதவில்லை. அவை நடந்த புத்தகம் ஏற்கனவே உங்கள் அலமாரியில் இருக்கிறது.

இந்த உத்தி தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' சிறுகதையில் ராமாயணச் சம்பவம் எதுவும் மாறுவதில்லை. ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன செய்தி அகலிகையின் காதில் விழுகிறது, அவள் மறுபடி கல்லாகிறாள். சிறிய அளவில் இந்த எட்டுப் படிகளையும் பழகிப் பார்க்க வேண்டுமென்றால் அந்தக் கதையிலிருந்து தொடங்கலாம்.

ஒன்பதாம் படி: மூலத்துக்குத் திரும்புங்கள்

எட்டாம் படியோடு நிறுத்திவிடாதீர்கள். 'ஜேன் அயர்' 25ஆம் அத்தியாயத்தை மறுபடி படியுங்கள். நள்ளிரவில் அறைக்குள் வந்த உருவம் கல்யாண முக்காட்டைத் தன் தலையில் போட்டுக் கண்ணாடியில் பார்க்கிறது. பிறகு கிழித்து மிதிக்கிறது. கட்டிலருகே வந்து மெழுகுவர்த்தியை ஜேனின் முகத்துக்கு நேரே நீட்டி, அணைத்துவிட்டுப் போகிறது. ஜேனை அது தொடவில்லை. முதல் வாசிப்பில் பயந்தேன். இந்த முறை, நாளை மணமகளாகப் போகிறவளுக்கு ஒரு முன்னாள் மணமகள் செய்தி சொல்ல வந்ததாகப் பட்டது. பிராண்டே எழுதிய சொற்கள் எதுவும் மாறவில்லை. ரீஸ் இந்தக் காட்சியைத் தன் நாவலில் எழுதவும் இல்லை. ஆனாலும் அது அவர் கைபட்ட காட்சியாகிவிட்டது. ஜேனை நான் கைவிட்டுவிட்டேனா என்றால் இல்லை, அவளை இன்னும் அதிகமாக நேசிக்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவள் யாரென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

பத்தாம் படி: இரண்டாவது நாவல் யாரைப் பேசவிடவில்லை?

ரீஸ் பிராண்டேயிடம் கேட்ட கேள்வியை ரீஸிடமும் கேட்க வேண்டும். 1985இல் இலக்கிய விமர்சகர் காயத்ரி ஸ்பிவக் தன் கட்டுரையில் கேட்டார். அன்டோனெட்டின் செவிலி கிறிஸ்டோஃபீன், மார்ட்டினிக் தீவுக்காரி, ஒபியா என்ற கரீபிய மந்திரம் தெரிந்தவள். கணவனின் முகத்துக்கு நேரே நின்று அவன் செய்வதையெல்லாம் சொல்லிக்காட்டும் ஒரே ஆள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வேறு விஷயங்கள் தெரியும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுகிறாள். நாவலும் அவள் பின்னால் போவதில்லை. வெள்ளைக் கிரியோல் பெண்ணுக்கு வந்த 'நான்' அவளுக்கு வரவில்லை. டியாவுக்கும் வரவில்லை.

நீங்களே எழுதுகிறவராக இருந்து, ஒரு பெரிய நாவலிலிருந்து கடன் வாங்க நினைத்தால், பத்தாவது படியில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். பேசாத ஆளைக் கண்டுபிடியுங்கள், அவரைப் பற்றி மற்றவர்கள் சொன்ன ஒவ்வொரு வரியையும் சேகரியுங்கள், அவற்றில் எதையும் பொய்யென்று தள்ளாமல் எழுத முடிகிறதா என்று பாருங்கள். ரீஸ் காலத்தையும் தகப்பனையும் மாற்றியதுபோல் ஒன்றிரண்டை மட்டும் மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் நோட்டில் பெர்த்தாவின் பட்டியல் முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் கிறிஸ்டோஃபீன் என்று தலைப்பு எழுதியிருக்கிறேன். இடது பக்கம் விவரம், வலது பக்கம் யார் சொன்னது. இதுவரை வலது பக்கத்தில் இரண்டே பெயர்கள்தான் மாறி மாறி வருகின்றன: அன்டோனெட், அவள் கணவன்.